கருப்பன் மறக்கவில்லை, மாப்ளே

மன்னார்குடி
சித்திரை 5

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உளுந்து பிடுங்க ஆள் கிடைக்காத அலைச்சலில் பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் சுகம். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிக்கிறார்.

கருப்பனுக்கு டம்மி (பறவைக்குப் பதிலாக எறிந்து நாயை எடுத்துவரப் பழக்கும் பொட்டலம்) பழக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். "ரெண்டு டம்மி எறிந்தால் கடைசியாக விழுந்ததை மட்டும் எடுத்து வருகிறான், முதலில் விழுந்தது மறந்துபோகிறது, லாப்ரடாருக்கு ஞாபகசக்தி இவ்வளவுதானா" என்று கேட்டிருந்தாய். அவன்மேல் பழி போடாதே. மறக்க வேண்டுமானால் முதலில் பார்த்திருக்க வேண்டுமே! அடுத்த தடவை டம்மியைப் பார்க்காதே, அவன் மூக்கைப் பார். முதல் டம்மி மேலே போய் வளைந்து இறங்கும்போதே மூக்கு எறியப்போகிற அடுத்த ஆள் பக்கம் திரும்பியிருக்கும். அது தரையைத் தொட்ட இடத்தை அவன் பார்க்கவே இல்லை. உன் ஆட்கள் இரண்டு பேரும் தினமும் ஒரே வரப்பில் நின்று, ஒரே தாளத்தில், ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று எறிகிறார்கள். அந்தத் தாளத்தை அவன் மனப்பாடம் செய்துவிட்டான்.

அதனால் தாளத்தை உடை. முதல் டம்மி விழுந்ததும் அவன் அந்த இடத்தையே வெறித்துப் பார்க்கும்வரை இரண்டாவது ஆள் கையைத் தூக்கக்கூடாது. நீ மனதுக்குள் மூன்று எண்ணி, தொப்பியைத் தொட்டால்தான் எறிய வேண்டும். தலை முன்கூட்டியே திரும்பிவிட்டால் அன்றைக்கு இரண்டாவது கிடையாது, முதலாவதற்கே அனுப்பு. இன்னும் நல்லது, பத்து தடவையில் ஆறேழு தடவை ஒன்றோடு நிறுத்திக்கொள். "இது ஒன்றுதான் இருக்கும்போல" என்று அவன் நினைக்கிற அன்றைக்குத்தான் அது விழும் இடத்தைக் கடைசிவரை பார்ப்பான். என் கணக்கில் இந்த வித்தையின் பாதி இதுதான்.

மீதிப் பாதி, அவன் கடைசியாக விழுந்த டம்மியை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிற நேரம். அவன் ஓடி வரும்போதே நீ உடம்பைத் திருப்பி, ஞாபகத்தில் இருக்க வேண்டிய, முதல் டம்மி விழுந்த இடத்தைப் பார்த்து நின்றுகொள். அவன் உன் இடது பக்கம் வந்து உட்காரும்போது அவன் முதுகுத்தண்டும் அதே திசையில் இருக்கும். வாயில் இருப்பதை வாங்கியதும் உடனே அனுப்பாதே. கண், காது, கழுத்து மூன்றும் ஒரே கோட்டில் வந்து, காது சற்று முன்னால் எழும்பும். அதுதான் "ஞாபகம் வந்துவிட்டது" என்பதன் அடையாளம். பார்வை இடமாக இழுக்க வேண்டுமென்றால் நீ அரையடி முன்னால் போ, வலமாக வேண்டுமென்றால் அரையடி பின்னால் வா. உன் முழங்கால்தான் அவனுக்குத் திசைகாட்டி. விழுவதை அவன் பார்த்த டம்மிக்கு அவன் பெயரைச் சொல்லி அனுப்பு, விழுவதைப் பார்க்காத டம்மிக்கு வேறு ஒரு வார்த்தை வைத்துக்கொள். இரண்டையும் கலக்காதே. பெயரைக் கேட்டால் தன் கண்ணை நம்ப வேண்டும், மற்றதைக் கேட்டால் உன்னை நம்ப வேண்டும்.

தொடக்கத்தில் இரண்டையும் தனித்தனியாக எறிந்து எடுக்கவிட்டு, பிறகு அதே இடங்களில் ஜோடியாக எறி. நடுவில் 90 டிகிரி இருக்கட்டும். முதலில் எறிவது 70 மீட்டர், கடைசியாக எறிவது 40 மீட்டர் போதும். ஒரு வாரம் சுத்தமாக எடுத்தால் கோணத்தை 60, 45 என்று குறை. கோணத்தைக் குறைக்கும் நாளில் தூரத்தைக் கூட்டாதே. அதற்குப் பிறகுதான் எறிந்தவர் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும், விழுந்தபின் பத்து நொடி, அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று உட்காரவைத்து அனுப்புவதும், மூன்றாவது டம்மியும். ஆள் நிற்கும்வரை அவன் ஆளை நோக்கித்தான் ஓடுகிறான். ஆள் மறைந்தால்தான் இடத்தை நினைக்கிறான்.

ஓரிடத்தில் தேடிக் கிடைக்காமல் இன்னோரிடத்துக்குத் தாவுகிறானா, அதை வளரவிடாதே. கிளம்புகிற முகம் தெரிந்ததுமே எறிந்தவர் "ஏய் ஏய்" என்று கூப்பிட்டு அதே இடத்தில் இன்னொன்றை எறியட்டும். கல்லை விட்டெறிந்து காட்டாதே. பிறகு கல் சத்தம் கேட்கும்வரை தேடமாட்டான்.

நம் வயலில் பெரிய வில்லன் வரப்பு. நேராகத் தாண்டுவான், சாய்வாக வந்தால் வரப்போடு ஒட்டிக்கொண்டு ஓடுவான். நாலு வரப்பு கடப்பதற்குள் விழுந்த இடத்துக்கு இருபது மீட்டர் தள்ளிப்போவான், நீ ஞாபகமறதி என்பாய். வரப்புக்கு ஐந்து மீட்டரில் நின்று, சாய்வாகத் தாண்டும்படி குட்டித் தூரத்தில் தொடங்கு, பிறகு பின்னால் நகர்ந்துகொண்டே போ. பக்கவாட்டுக் காற்றும் இதே வேலையைத்தான் செய்யும், காற்று போகும் பக்கமாகவே அவனைத் தள்ளும். உளுந்து எடுத்த மொட்டைத் தரையில் மட்டும் பழக்கினால் கண்ணாலேயே கண்டுபிடித்து மூக்கை மறந்துவிடுவான். டம்மி கோரைக்குள்ளோ வைக்கோல் போருக்குப் பின்னாலோ விழட்டும்.

பார்க்க வேண்டியதற்கு வெள்ளை டம்மி. பின்னால் வெறும் வானமாக இருந்தால் கறுப்பு. காலையில் கிழக்கு நோக்கி எறிந்தால் சூரியனைத்தான் பார்ப்பான். ஆரஞ்சு நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், நாயின் கண்ணில் புல்லோடு கலந்துவிடும். அதைப் பார்க்காததற்கு வைத்துக்கொள். வாங்கவும் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கால்வாசி மணல் போட்டு மூடி, சாக்குத்துணியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுகத் தை. சாக்கு கிழிந்தால் அன்றே மாற்று, பிளாஸ்டிக்கைக் கடிக்கும் சுகம் கண்டால் எடுத்துவருவதையெல்லாம் கடிக்கிற வாயாகிவிடும். டம்மியில் இறகு வேண்டுமென்றால் வாத்துக்கறிக் கடையில் இறக்கை கேள், உப்புத் தடவிக் காயவைத்துக் கட்டு.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். உயிருள்ள மடையான் கொக்கு பிடித்துத் தருவதாக ஒருவர் சொன்னார் என்று எழுதியிருந்தாயே, வேண்டவே வேண்டாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அது மட்டுமல்ல காரணம். வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் சரணாலயங்களுக்கு வந்து தங்குகிற பறவையை வலையில் சிக்கவைத்துக் கருப்பனுக்குப் பாடம் நடத்தினால் அந்தப் பாடமே கெட்டது. இங்கிலாந்தில் கேன்வாஸ் டம்மியை மட்டும் வைத்தே போட்டி நடத்துகிறார்கள், நமக்கு எதற்கு உயிர்ப் பறவை? ஏரிப் பக்கமும் போகாதே.

வெயிலையும் யோசி. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடு. ஒரு நாளைக்கு ஆறேழு எறிதல் போதும், நாக்கு அகலமாகித் தொங்கினால் அதோடு நிறுத்து. எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயா? வயல் தண்ணீரில் இறங்குகிற நாய்க்கு அது கட்டாயம்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் தண்ணீர்ப் பாடம். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும். அடுத்த கடிதத்தில் பத்து எறிதலில் எத்தனை தடவை மூக்கு முன்கூட்டித் திரும்பியது என்று எண்ணி எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்