பெற்றோர் வாட்ஸ்அப் குழு தொடர்பாக

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்புப் பெற்றோர் குழுவைப் பூட்டிவிட்டு, இனிப் பள்ளி மட்டும் செய்தி போடும்படி வைக்கச் சொல்லிச் சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். நடந்ததைப் பார்த்தால் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் பூட்டப்போவதில்லை.

குடற்புழு நீக்க மாத்திரை பற்றிய அறிவிப்பைப் போட்ட அன்று இரவு ஓர் அம்மா, "சார், போன தடவை பாப்பாவுக்குத் தலை சுத்துச்சு. இந்தத் தடவையும் கொடுக்கணுமா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் வருவதற்குள் ஒருவர் குரல் பதிவு ஒன்றைத் தட்டிவிட்டார். எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த ஆண்டு, எதுவும் அதில் இல்லை. பிள்ளைகள் மயங்கி விழுந்ததாகப் பதறும் குரல் மட்டும். உடனே இன்னொருவர், "படிக்காதவங்க பேச்சையெல்லாம் கேக்கணுமா?" என்றார். அதோடு மாத்திரையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். யார் படித்தவர், யார் வீட்டுப் பிள்ளை எப்படி என்று பதினொன்றரை மணி வரை ஓடியது. மறுநாள் காலைப் பிரேயரில் இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்றார்கள். அதுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

அந்த அம்மாவுக்கான பதில் இது. நாம் கொடுப்பது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். வயிற்றில் புழு அதிகமுள்ள பிள்ளைக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்கும் வேறு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் அன்று கொடுக்க மாட்டோம். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் உண்டு.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது நினைவிருக்கலாம். 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பி, பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். தமிழ்நாட்டில் முகாமையே நீட்டிக்க வேண்டியிருந்தது. அதட்டலுக்குப் பயந்து யாரும் சம்மதித்ததாக எனக்கு நினைவில்லை. டாக்டர் எதிரில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசியபோது மனம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகப்படுபவரை முட்டாளாக்கினால் அவர் வாயைத்தான் மூடுவார்.

அன்று வந்த குரல் பதிவின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும். அது எங்கிருந்து கிளம்பியது என்று அனுப்பியவருக்கே தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டதைக் குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். விசாரித்துச் சொல்கிறேன். (மழை விடுமுறைக்கும் இதேதான். மாவட்ட ஆட்சியர் அறிவிக்காமல் விடுமுறை கிடையாது, யார் எவ்வளவு அழகாக போஸ்டர் செய்து போட்டாலும்.)

பள்ளியின் முடிவு பிடிக்கவில்லை என்றால் குழுவிலேயே எழுதலாம், என் பெயரைச் சொல்லியே எழுதலாம். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண், சாதி, அப்பாவின் வேலை, அம்மாவின் படிப்பு இவற்றை இழுத்து எழுதினால் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, எழுதியவரைப் போனில் கூப்பிடுவேன். இரவு 9 மணிக்கு மேல் எழுதுவதற்கு மறுநாள்தான் பதில் வரும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வருகிறார். மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காலாவதி தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்கள் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம். பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்