அன்று கோப்பில் என்ன எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில் வாய்க்கால்களைத் தூர்வாரும் பணி பற்றி, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் உங்கள் இதழில் அளித்திருந்த பேட்டியைப் படித்தேன். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தும் மே கடைசியில்தான் பொக்லைன் வருகிறது, அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டுகிறார்கள், முதல் மழையில் அது திரும்ப வாய்க்காலுக்குள் சரிகிறது என்கிறார். அத்தனையும் உண்மை. நான் கடைமடைக்காரன், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில் இருப்பவன்; கண்ணால் பார்த்தவன்.

இதையேதான் நாங்கள் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் அதிகாரிகளிடம் வருஷக்கணக்காகச் சொன்னோம். அவர் பணியில் இருந்த காலத்திலும் சொன்னோம். மனுவை வாங்கி, "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். அப்படி ஒரு வருஷம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நேரடி விதைப்பு செய்த பயிர் பாதி காய்ந்துவிட்டது.

தூர்வாருவதில் மட்டும் இல்லை இந்தக் கதை. 2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1836-ல் கட்டிய அணை. ஆற்றில் மணல் அள்ளியதுதான் காரணம் என்று அதற்கப்புறம் எத்தனை பேர் பேசினார்கள்! மணல் லாரி வரிசையில் நின்றபோது பேசியிருந்தால் பயன் இருந்திருக்கும்.

பணியில் இருக்கும்போது அரசை வெளியில் விமர்சிக்க முடியாது என்பார்கள். சரி, 1973-ம் வருஷத்து அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. பேட்டி கொடுக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. ஆனால் கோப்பில் "மே கடைசியில் தொடங்கினால் இந்த வேலை உதவாது, பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டும்" என்று ஒரு குறிப்பு எழுத எந்த விதி தடுத்தது? எழுதிய நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். இடமாற்றத்தோடு போனார்கள். அவர்கள் இன்று பேசினால் கையெடுத்துக் கும்பிடுவேன். மற்றவர்களுக்குத் தேர்தல் நெருங்கும்போது மட்டும் மனசாட்சி விழிப்பதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட பேட்டிகளில் அவர் எந்த வருஷம் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதையும், அன்று என்ன எழுதிவைத்தார் என்பதையும் கேட்டுப் போடுங்கள். அவர் குறிப்பு எழுதியிருந்தால் கோப்பைச் சொல்லட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் நாங்களே நகல் வாங்கி, அடுத்த குறைதீர் கூட்டத்தில் மேசைமேல் வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.