பில்லில் விட்டுப்போன ஓர் எழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை கணபதியில் ஒரு சின்ன அறையில் 22 ஆண்டுகளாகப் போர்டு சர்வீஸ் செய்து வருகிறேன். போர்வெல் மோட்டார் பேனல், டைமர், ஸ்டார்ட்டர் கன்ட்ரோல் என்று விவசாயிகளும் பட்டறைக்காரர்களும் கொண்டு வருவதுதான் என் வேலை. இந்தக் கடிதத்தை எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைக்காரர்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். இடி இறங்கியதில் போயிருந்தது. "தண்ணி விட்டு நாலு நாளாச்சு, வாழை காஞ்சிரும் அம்மணி" என்றார். போர்டு ரொம்பப் பழசு. அதில் இருந்தது பிக் 16எஃப்628 என்ற 18 கால் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராம் ஏற்றி வேலை வாங்கும் சிப். பேனல் செய்தவர் தொழிலை விட்டுவிட்டாலும் அதில் ஏற்றும் புரோகிராமான ஹெக்ஸ் ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். சிப்புக்கு ஆள் அனுப்பினேன். கடை பில்லில் "628" என்று இருந்தது. சிப்பின் முதுகில் 628ஏ என்று அச்சாகியிருந்ததை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சிப்பில் புரோகிராமை எழுதும் கருவியான புரோகிராமரில் 628 என்று தேர்ந்தெடுத்ததும் ஐடி பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. இந்த வகைச் சிப்புகளில் 2006 என்ற ஹெக்ஸ் முகவரியில் 14 பிட் அடையாள எண் இருக்கும். அதில் கடைசி 5 பிட் ரிவிஷன், மற்ற 9 பிட் எந்தச் சிப் என்பதைச் சொல்லும். ரிவிஷனை நீக்கிப் பார்த்தால் 628-க்கு 07சி0, 628ஏ-வுக்கு 1060. மென்பொருள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான் 628ஏ என்று மாற்றி எழுதினேன். வெரிஃபை சரி என்று வந்தது. போர்டில் போட்டேன். ரிலே அசையவில்லை, எல்.இ.டி.யும் எரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள் போனது. 5 வோல்ட் சரியாக இருந்தது. ரீசெட் காலும் சரி. சாக்கெட்டைக் கழுவினேன், வேறு சிப் போட்டேன். மின் துடிப்பைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை வைத்தால் 16-வது காலில் ஒன்றுமே இல்லை. அந்தக் கால்தான் ஆஸிலேட்டர் கால், சிப்பை ஓட்டும் துடிப்புக்கான இடம். அங்கே கிரிஸ்டல் கிடையாது. காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரே ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

628, 628ஏ இரண்டின் டேட்டாஷீட்டையும் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பழைய 628-ல் 'இ.ஆர்.' என்று ஒரு முறை உண்டு. காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் இருந்தால் போதும், அதன் மதிப்பைப் பொறுத்து உள்ளே துடிப்பு ஓடும். 628ஏ-வில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். சிப் எந்த முறையில் ஓட வேண்டும் என்று குறிக்கும் அதே கான்ஃபிகரேஷன் பிட்டுகளுக்கு இப்போது 'ஆர்.சி.' முறை என்று பொருள். அதற்கு 5 வோல்ட்டிலிருந்து காலுக்கு ரெசிஸ்டரும், காலிலிருந்து கிரவுண்டுக்குக் கெபாசிட்டரும் வேண்டும். கெபாசிட்டர் சார்ஜ் ஆகி இறங்கினால்தான் துடிப்பு வரும். எங்கள் போர்டில் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போகிறது. சார்ஜ் செய்ய வழியே இல்லாதபோது சிப் எப்படி எழுந்திருக்கும்?

உள் ஆஸிலேட்டருக்கு மாற்றிவிடலாம்தான். ஆனால் அது 4 மெகாஹெர்ட்ஸ், புரோகிராமில் உள்ள தாமதங்கள் வேறு வேகத்துக்கு எழுதப்பட்டவை. சோர்ஸ் கோடும் கையில் இல்லை. நல்லவேளை, அதே பேனல் அந்த விவசாயியின் தம்பி தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போய் 15-வது காலில் அளந்தேன். ஆஸிலேட்டர் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு அந்தக் காலில் வெளியே வரும். எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, பழைய ரெசிஸ்டரைக் கழற்றி, 33 பிகோஃபாரட் கெபாசிட்டரும் திருப்பி மதிப்பை மாற்றக்கூடிய ஒரு பிரீசெட் ரெசிஸ்டரும் போட்டு, அதே எண் வரும்வரை திருப்பினேன். மோட்டார் ஸ்டாரில் கிளம்பி டெல்டாவுக்கு மாறும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் ஐந்து தடவை பார்த்த பிறகே போர்டைக் கொடுத்தேன்.

தயாரிப்பாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. ஆனால் பில்லில் அந்த 'ஏ' எழுத்து இருந்திருந்தால், வாங்கி வந்த அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

மாணவர்கள் கதை இதைவிட வருத்தம். ஒவ்வொரு ஆண்டும் மாசி, பங்குனியில் புராஜெக்ட் போர்டுகளோடு வருவார்கள். 877 என்ற இன்னொரு பிக் சிப்புக்கு எழுதிய பூட்லோடரை (சிப் தன் புரோகிராமைத் தானே எழுதிக்கொள்ள உதவும் சின்னப் புரோகிராம்) 877ஏ-வில் போட்டு, ஓடவில்லை என்பார்கள். பழையது நினைவகத்தில் ஒவ்வொரு சொல்லாக (வேர்டு) எழுதும், புதியது நான்கு நான்காகத்தான் எழுதும். ஐடி பொருந்தவில்லை என்று மென்பொருள் சொன்னால் அந்தச் சோதனையை அணைத்துவிடு என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் சிப்பின் முதுகைப் படியுங்கள்.

போன ஆண்டு ஒரு பெண் ஐந்து 12எஃப்675 சிப்புகளை எடுத்து வந்தாள். ஐந்துமே செத்துவிட்டன என்று கண் கலங்கினாள். ஒன்றும் சாகவில்லை. அந்தச் சிப்பின் உள் ஆஸிலேட்டரைத் திருத்தும் எண்ணைத் தொழிற்சாலையிலேயே நினைவகத்தின் கடைசி இடமான 3எஃப்எஃப்-ல் எழுதி அனுப்புகிறார்கள். அவளுடைய புரோகிராமர் அதைக் காப்பாற்றாமல் முழுவதையும் அழித்திருக்கிறது. புரோகிராம் அந்த எண்ணைக் கேட்டு அங்கே போகிறது, திரும்பி வர வழியில்லாமல் மறுபடி தொடக்கத்துக்கே வந்து விழுகிறது. பிக்கிட் 2 என்ற புரோகிராமரில் அந்த எண்ணைத் திரும்பக் கண்டுபிடித்து எழுதும் வசதி உண்டு. ஐந்தும் பிழைத்தன. அவள் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து வாங்கிய சிப்புகள் அவை.

சிப் செத்தது என்று சொல்வதற்கு முன் ஆஸிலேட்டரைப் பார்க்க மாணவர்களுக்குப் பழக்கிவிடுங்கள் என்று ஆய்வக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டுவிட்டு கான்ஃபிகரேஷனில் வேகமான கிரிஸ்டலுக்கான எச்.எஸ். என்பதற்குப் பதில் மெதுவான கிரிஸ்டலுக்கான எக்ஸ்.டி. என்று விட்டிருப்பார்கள். 22 பிகோ வேண்டிய இடத்தில் 223 என்று அச்சிட்ட 22 நானோ கெபாசிட்டர் இருக்கும். ஸ்கோப் முனையை உள்ளீட்டுக் காலில் வைத்தால் ஓடுகிற துடிப்பும் நின்றுபோகலாம். வெளியீட்டுக் காலில், பத்து மடங்கு குறைத்துக் காட்டும் புரோபில் பார்க்க வேண்டும். கையைப் போர்டருகே கொண்டுபோனால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் குறைந்த வோல்ட்டில் புரோகிராம் எழுத அனுமதிக்கும் எல்.வி.பி. பிட் அணைக்கப்படாமல் அதற்கான கால் அந்தரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆய்வகக் கையேட்டில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

கடைக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். சிப்பின் மேல் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைக் கடைசி எழுத்து வரை பில்லில் எழுதுங்கள். கேட்டது இல்லை, மாற்றுத்தான் இருக்கிறது என்றால் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
போர்டு சர்வீஸ் செய்யும் வாசகி,
கணபதி, கோவை.