எழுத்தாளர்களின் கொடைப் பணம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாசகர்களுக்கும், எங்கள் மின்னூல் பதிப்பகத்தில் எழுதிவரும் எழுத்தாளர்களுக்கும் வணக்கம்.

சில வாரங்களாக ஒரு ரசீதின் படம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் எங்களுக்கே அனுப்பி, இது என்ன என்று உரிமையோடு கேட்டீர்கள். தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த அந்த ரசீதில், கொடையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தாளர் ஒருவரின் பெயரும் இல்லை, பதிப்பகத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆகவே எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுத்த பணத்தை எங்கள் கொடையாகக் காட்டி வரிச்சலுகை பெற்றுவிட்டோம் என்பது படத்தோடு சேர்ந்து வரும் குற்றச்சாட்டு. விற்பனை குறைந்தது, நூல் தாமதமானது என்று எத்தனை குறை சொன்னாலும் தாங்கிக்கொள்வோம். இந்த ஒரு சொல்லை மட்டும் பதில் சொல்லாமல் கடந்துபோக எங்களால் முடியவில்லை.

இத்திட்டம் உங்களுக்குப் பழகியதுதான். தம் நூலுக்கு வரும் ஆசிரியர் பங்கைத் தாம் பெற்றுக்கொள்ளாமல் தொண்டுக்குக் கொடுக்க விரும்பும் எழுத்தாளர், ஒப்பந்தத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிடுகிறார். நூலின் கடைசிப் பக்கத்தில் அந்த அறிவிப்பு வருகிறது. நாங்கள் தொகையைச் சேர்த்து உரிய இடத்துக்கு அனுப்புகிறோம்.

படத்தில் இருக்கும் ரசீது உண்மையானதே. அதில் யாரும் எதையும் திருத்தவில்லை. ஆனால் அதன் கீழ்ப்பகுதியில், தொகைக்குக் கீழே, ‘விவரம்: இணைப்புத் தாள்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருப்பதைப் படத்தைச் சற்றே பெரிதாக்கிப் பார்த்தால் நீங்களே காணலாம். அந்த இணைப்புத் தாளில் நூலின் பெயர், எழுத்தாளரின் பெயர், விற்ற படிகள், அவர் பங்காக வந்த தொகை ஆகிய நான்கும் வரிசையாக இருக்கின்றன. படம் எடுத்தவர் முதல் தாளை மட்டும் எடுத்திருக்கிறார். ஒருவரே பலர் சார்பில் மொத்தமாகப் பணம் செலுத்தும்போது, செலுத்தியவர் பெயரில் ஒரே ரசீதும் மற்றவர்களின் விவரத்துக்கு ஓர் இணைப்பும் கொடுப்பது அந்த நிறுவனத்தின் நடைமுறை. மிகச் சிறிய தொகைகளுக்குத் தனித்தனியாக ரசீது எழுதித் தபாலில் அனுப்பினால், வரும் பணத்தில் ஒரு பகுதி தாளுக்கும் தபாலுக்குமே போய்விடும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

வரிச்சலுகை பற்றியும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எங்களை அதிகம் புண்படுத்தியது அதுதான். ஒரு நூல் விற்றவுடனே, ஆசிரியர் பங்கு எங்கள் கணக்கில் ‘செலுத்த வேண்டிய உரிமைத்தொகை’ என்ற தலைப்பின் கீழ், நாங்கள் எழுத்தாளருக்குப் பட்ட கடனாக ஏறிவிடுகிறது. அது எங்கள் வருமானத்திலிருந்து அப்போதே செலவாகக் கழிந்துவிடுகிறது. அவ்வாறு ஒருமுறை செலவாகக் கழித்த பணத்தையே மீண்டும் எங்கள் நன்கொடையாகவும் காட்டினால், ஒரே தொகைக்கு இரண்டு முறை கழிவு கேட்பதாகிவிடும். அப்படிப்பட்ட கணக்கில் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்திட மாட்டார், நாங்களும் அதைக் கேட்கத் துணிய மாட்டோம். எங்கள் வரிக் கணக்கில் நன்கொடை என்ற இடத்தில் எழுத்தாளர்களின் பணம் ஒரு காசுகூட ஏறவில்லை. இதைத் தணிக்கையாளரின் சான்றோடு எழுத்தாளர்கள் அனைவருக்கும் அனுப்பிவைத்திருக்கிறோம்.

இதை ஒட்டி எழுத்தாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் உண்டு. உரிமைத்தொகை உங்கள் கைக்கே வராமல் நேராகத் தொண்டுக்குப் போனாலும், பெரும்பாலான நாடுகளின் வரி முறையில் அது முதலில் உங்கள் வருமானமாகவே கருதப்படும். பிறகுதான் உங்கள் கொடை. உங்கள் நாட்டுச் சட்டம் அந்தக் கொடைக்குச் சலுகை தருமானால், அதைக் கேட்க உங்கள் பெயரிலேயே ரசீது வேண்டும், மொத்த ரசீதின் இணைப்புத் தாள் போதாமல் போகலாம். அத்தகைய ரசீது தேவைப்படுகிறவர்கள், பங்கை எங்களிடமிருந்து பெற்றுத் தாமே நேரில் செலுத்துவதுதான் சிக்கலற்ற வழி என்று நாங்களே பரிந்துரைக்கிறோம்.

இணைப்புத் தாளை ஏன் பொதுவில் வெளியிட்டுவிடக் கூடாது என்ற கேள்வியும் வந்தது. கொடுப்பவர்களில் சிலர் தம் பெயரோ தொகையோ வெளியே தெரிய வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். ‘பீட்டர் பான்’ என்ற புகழ்பெற்ற சிறுவர் நாடகத்தின் உரிமையை அதை எழுதிய ஜே. எம். பாரி 1929இல் லண்டனிலுள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அதிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் 1937இல் மறைந்த பிறகும் மருத்துவமனை அந்த விருப்பத்தைக் காத்துவருகிறது. புகழின் உச்சியில் இருந்தவர் கேட்ட அந்த ரகசியக் காப்பை, ஒரு காலாண்டில் பத்துப் படி விற்கும் எங்கள் எழுத்தாளர் கேட்டாலும் நாங்கள் அதே அளவுக்கு மதிப்போம். எங்களைக் காத்துக்கொள்வதற்காக அவர்களுடைய பெயர்களை வெளியே போட எங்களுக்கு மனம் வரவில்லை.

பணம் தாமதமாகப் போவதைப் பற்றியும் சிலருக்கு வருத்தம். இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பவர்களுக்குக் காத்திருப்பு பழகிய ஒன்று. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் விற்ற நூலுக்கு 35 அல்லது 70 விழுக்காடு என்ற கணக்கில் வரும் உரிமைத்தொகை, விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்தே கைக்கு வருகிறது. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பர வருவாய் 100 டாலர் சேரும் வரை வெளியே வருவதில்லை. அமெரிக்க விற்பனையில், அந்நாட்டோடு வரி ஒப்பந்தம் இல்லாத நாட்டில் வாழும் எழுத்தாளருக்கு 30 விழுக்காடு வரியாக அங்கேயே பிடிக்கப்படுகிறது. இவ்வளவையும் கடந்து வருகிற சிறுதொகையை நாங்கள் உடனுக்குடன் அனுப்பினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பணப் பரிமாற்ற நிறுவனங்களில் பல, ஒவ்வொரு முறையும் விழுக்காட்டுக் கட்டணத்தோடு, தொகை எதுவானாலும் மாறாத ஒரு நிலைக் கட்டணத்தையும் சேர்த்து எடுக்கின்றன. தொகை பெரிதாக இருந்தால் அந்த நிலைக் கட்டணம் கண்ணில் படாது. ஒரு கவிதைத் தொகுப்பின் மூன்று படிகளுக்கான ஆசிரியர் பங்கை மட்டும் அனுப்பிப் பார்த்தால், அதில் கணிசமான பகுதி வழியிலேயே கரைந்துவிடும். ஆகவேதான் சேர்த்து அனுப்புகிறோம். சேரும் வரை அந்தப் பணம் எங்கள் நடைமுறைச் செலவுக் கணக்கில் கலப்பதில்லை. அதற்கென்றே தனி வங்கிக் கணக்கு உண்டு, அதில் ஏறும் வட்டியும் கொடையோடே போகிறது.

விருப்பமான எந்தத் தொண்டு நிறுவனத்தையும் எழுத்தாளர் தேர்ந்தெடுக்கலாம் என்று இருந்ததை மாற்றி, இனி ஒரு சிறு பட்டியலுக்குள் தேர்ந்தெடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். இதற்கு எங்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அமேசான் 2013இல் தொடங்கிய ‘ஸ்மைல்’ திட்டத்தில், தகுதியுள்ள கொள்முதலில் 0.5 விழுக்காடு வாடிக்கையாளர் சொல்லும் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. பெறத் தகுதியுள்ள அமைப்புகள் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்ததால், சராசரியாக ஓர் அமைப்புக்கு ஆண்டில் கிடைத்தது 230 டாலருக்கும் குறைவு என்றும், பணம் மிக மெல்லியதாகப் பரவிவிட்டது என்றும் சொல்லி 2023 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஏனெனில் ஒரு சிறிய காப்பகத்துக்கு அந்தத் தொகையும் பெரியதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான இடங்களுக்குச் சில்லறையாகப் பிரித்து அனுப்புவதைவிட, நாங்கள் போய்ப் பார்த்து அறிந்த சில இடங்களுக்குக் கணிசமாகச் சேர்ப்பது மேல் என்பதில் ஐயமில்லை. ஏற்கெனவே வேறு நிறுவனத்தைக் குறித்துக் கொடுத்தவர்களின் ஒப்பந்தம் அப்படியே தொடரும்.

கணக்கைப் பார்த்துவந்த எங்கள் அலுவலர் குடும்பக் காரணத்தால் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் அமையும் வரை கடிதங்களுக்கு நானே பதில் எழுதுகிறேன். ஓரிரு நாள் பிந்தினால் பொறுத்தருளுங்கள். நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் வழங்கிக்கு (சர்வர்) ஆகும் செலவும் பணப் பரிமாற்றக் கட்டணமும் கூடிவிட்டதால், வரும் காலாண்டு முதல் விற்பனையில் பதிப்பகத்தின் பங்கு ஐந்து விழுக்காடு உயர்கிறது.

இந்தப் படம் பரவியபோது எங்களுக்கு முன்பே எங்களுக்காகப் பேசிய வாசகர்களை நினைத்தால் நெஞ்சம் நெகிழ்கிறது. கடைசிப் பக்க அறிவிப்பைப் பார்த்துவிட்டு அதே நூலை நண்பர்களுக்கும் வாங்கிக் கொடுத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். தம் பங்கு எவ்வளவு சிறியது என்று தெரிந்தும், அடுத்த நூலுக்கும் அதே உறுதியைத் தந்த எழுத்தாளர்கள் இருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் ஐயம் எழ நேர்ந்ததற்கு வருந்துகிறோம்; ஐயத்தோடும் எங்களை விட்டுப் போகாமல் கேட்டதற்கு நன்றி சொல்கிறோம்.

தம் நூலுக்கு உரிய இணைப்புத் தாளைப் பார்க்க விரும்பும் எழுத்தாளர்கள், ஒப்பந்தத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து நூலின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், அவர்களுடைய விவரம் உள்ள பகுதி தெரியும்படி தாளின் நகலை அனுப்பிவைப்போம். பங்கை இனித் தாமே பெற்றுச் செலுத்த விரும்புகிறவர்கள் அதையும் அதே கடிதத்தில் குறிப்பிடலாம். அடுத்த காலாண்டுக் கணக்கிலிருந்து மாற்றிவிடுகிறோம்.

என்றும் அன்புடன்,
பதிப்பக உரிமையாளர்