படுத்து ஓட்டும் சைக்கிளில் பை மாட்ட இடமா இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் நெடுந்தூர சைக்கிள் பயணம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை மதுரையிலிருந்து என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நல்ல கட்டுரை, பஞ்சர் ஒட்டுவது பற்றிய பகுதியெல்லாம் அனுபவப்பட்டவர் எழுதியது என்று படித்ததுமே தெரிந்தது. ஆனால் கடைசிக்கு முந்தைய பத்தியில், சாய்ந்து படுத்தபடி ஓட்டும் ரிகம்பெண்ட் சைக்கிள்களில் பை மாட்ட இடமே கிடையாது, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான், ஆகவே நெடும்பயணத்துக்கு அது ஒத்துவராது என்று கட்டுரையாளர் போகிற போக்கில் முடித்துவிட்டார். அந்த வண்டியில் செய்யவே முடியாத ஒரு காரியம் உண்டென்றால் அது முதுகில் பை மாட்டுவதுதான். முதுகு முழுக்க சீட்டில் பதிந்திருக்கும்போது பையை எங்கே வைப்பது? மற்ற இடமெல்லாம் காலியாகத்தான் இருக்கிறது.

நான் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பக்கம் வசிக்கிறேன், பல வருடங்களாக இந்த வகை சைக்கிள்தான் ஓட்டுகிறேன். கூடாரம், அடுப்பு, மாற்றுத்துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு ரைன் நதியோரப் பாதையில் ஜெர்மனிக்குள் போய் வருகிறவன். அந்தப் பாதையில் கோடைகாலத்தில் நின்று பார்த்தால் மூட்டை முடிச்சோடு இப்படிச் சாய்ந்து போகிறவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள், பெரும்பாலும் இடுப்புவலியோ கழுத்துவலியோ வந்து இதற்கு மாறியவர்கள். என் மைத்துனர் இந்த வண்டியைப் பற்றி என்னிடம் கேட்டதும் அதனால்தான். அவருக்கும் இடுப்பு சரியில்லை.

இடமில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. சாதாரண சைக்கிளின் கேரியர் கம்பி எந்தக் கம்பெனி செய்தாலும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டரிலிருந்து 16 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்கும், கடையில் வாங்குகிற பையின் கொக்கி அதில் உட்கார்ந்துவிடும். ரிகம்பெண்டில் அப்படி ஒரு பொது அளவு சீட்டுக்கும் இல்லை, பிரேமுக்கும் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1933 ஜூலையில் பாரிஸில் சார்லஸ் மோஷே என்பவர் செய்த இப்படியொரு வண்டியில் பிரான்சிஸ் ஃபோர் என்ற இரண்டாம் தர வீரர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் யாரும் அசைக்காத ஆஸ்கர் எக்கின் சாதனையை முறியடித்தார். சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது? அடுத்த வருடமே இது சைக்கிள் இல்லை என்று சொல்லிப் போட்டிகளிலிருந்து ஒதுக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய கம்பெனிகள் தொடவில்லை, பிற்பாடு சின்னச் சின்னப் பட்டறைகள்தான் ஆளுக்கொரு வடிவத்தில் செய்து விற்றன. ஒருவர் செய்த சீட் மாதிரி இன்னொருவர் சீட் இருக்காது. ஆகவே பை வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் சீட்டைத்தான்.

சீட்டில் இரண்டு வகை. ஃபைபரில் அச்சு வார்த்த மாதிரி கெட்டியாக இருப்பது ஒன்று, குழாய்ச் சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டியிருப்பது மற்றொன்று. கெட்டி சீட் என்றால் வேலை சுலபம்: அகலப் பட்டிகளால் இணைத்த இரண்டு பைகளை, கழுதை மேல் பொதி போடுவதுபோல, சீட்டின் குறுக்கே போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் தொங்கும், மேலே நாம் சாய்ந்ததும் நம் எடையே பட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இங்கே ராடிக்கல் டிசைன் என்ற கம்பெனி இதற்கென்றே பைகள் தைக்கிறது, சீட்டின் வளைவுக்கு ஏற்றபடி வாழைப்பழம் மாதிரி வளைந்த வடிவத்திலும் உண்டு. வலைத்துணி சீட் என்றால் பட்டியைத் துணிமேல் போடக்கூடாது, சட்டக் குழாயில்தான் கட்ட வேண்டும். துணிமேல் போட்டால் நாளடைவில் துணி தொய்ந்துவிடும், பட்டியின் முடிச்சு முதுகில் உறுத்துவது தனி. ஜெர்மனியின் ஓர்ட்லீப் கம்பெனி வேறு வழியில் போகிறது, ரிகம்பெண்டுக்கென்றே நீளவாக்கில் ஒரு ஜோடிப் பை செய்கிறார்கள், சேர்த்து 54 லிட்டர், அது சீட்டில் தொங்காமல் கேரியரில் கொக்கி போட்டு நிற்கும். வண்டியில் கேரியர் இருந்தால் அதுதான் எனக்குப் பிடித்தது, கழற்ற மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் எடை. உங்கள் கட்டுரையில் இது வந்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு மூட்டை என்றால் பின்னால் கேரியரில் வைத்துப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டுவதுதான் பழக்கம், அதையே இந்த வண்டியிலும் செய்தால் வம்பு. இரண்டு சக்கர ரிகம்பெண்டில், அதிலும் முன்சக்கரம் முழங்காலுக்குக் கீழே இருக்கும் குட்டையான வகையில், கனமான சாமான் முழுவதும் பின்சக்கரத்துக்கு மேலேயோ அதற்கும் பின்னாலோ போனால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடும். மேடு ஏறும்போது ஹேண்டில் லேசாகி ஆடும், மழையில் நனைந்த வளைவில் முன்சக்கரம் வழுக்கும், அதில் விழுந்தால் சுதாரிக்கக்கூட நேரம் இருக்காது. ஆகவே தண்ணீர், அடுப்பு, ரிப்பேர் சாமான், அரிசி பருப்பு போன்ற கனமானதெல்லாம் சீட்டுக்குக் கீழே, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில். தூங்கும் பை, துணிமணி மாதிரி உப்பலாக இருந்து எடையில்லாதது பின்னால். எச்.பி. வெலோடெக்னிக் என்ற ஜெர்மன் கம்பெனியின் ஸ்ட்ரீட்மெஷின் வண்டிக்கு சீட்டுக்குக் கீழேயே இரண்டு பை மாட்டுகிற தாழ்வான கேரியர் ஒன்று உண்டு. அதில் பாரம் ஏற்றிப் பார்த்தவர்கள் மறுபடி உயரமான கேரியருக்குப் போக மாட்டார்கள். சாதாரண சைக்கிளில் பின் பையை இஷ்டத்துக்கு முன்னால் தள்ள முடியாது, பெடல் போடுகிற குதிகால் இடிக்கும். இதில் கால் இரண்டும் முன்னால் நீட்டியிருப்பதால் அந்தத் தொல்லையே கிடையாது, பையை எவ்வளவு முன்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக்கொள்ளலாம். இடமில்லை என்கிறார் கட்டுரையாளர்!

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் வைத்த மூன்று சக்கர வகைக்கு இந்த முன்சக்கரப் பிரச்சினை கிடையாது, ஆனால் பையை உயரமாகக் கட்டினால் வேகமாகத் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். தாழ்வாக வையுங்கள், அவ்வளவுதான்.

இனி மாட்டும் முறை. பையை வாங்கி வந்து காலியாகவே மாட்டிப் பார்த்து, ஆஹா கச்சிதம் என்று திருப்தியாகிவிடுகிறவர்கள் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலிப் பை எங்கேயும் கச்சிதமாகத்தான் இருக்கும். சாமான் போட்டதும் அது உப்பும், உப்பிய பக்கம் எப்போதும் சக்கரத்தின் பக்கமாகத்தான் இருக்கும். பயணத்தில் என்னென்ன வைப்பீர்களோ அதையெல்லாம் அடைத்து மாட்டிவிட்டு, சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். இது முக்கியம், ஏனென்றால் பின்னால் ஸ்பிரிங் வைத்த வண்டியில் ஆள் ஏறியதும் சீட் இறங்கும், சீட்டோடு பையும் இறங்கும், டயருக்கும் பைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தது காணாமல் போய்விடும். மேடு பள்ளத்தில் இன்னும் இறங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் சீட்டுக்குக் கீழே இருக்கிற வகையாக இருந்தால் இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும், நேராகப் போகும்போது ஒதுங்கியிருந்த கை திரும்பும்போது பையில் இடித்து நின்றால் நடுரோட்டில் திரும்ப முடியாமல் போவீர்கள்.

செயினையும் மறக்கக் கூடாது. பெடல் வண்டியின் மூக்கில் இருக்கிறது, பல்சக்கரம் வாலில் இருக்கிறது, ஆகவே சாதாரண சைக்கிளைப்போல இரண்டரை மூன்று மடங்கு நீளமான செயின் சீட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். பை அதில் உரசினால் முதலில் கரி, பிறகு ஓட்டை. செயின் போகிற வழியில் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதி. பட்டிகளின் நுனியை எல்லாம் மடித்துச் செருகிவிடுங்கள் அல்லது வெட்டி நெருப்பில் காட்டிக் கருக்கிவிடுங்கள். ஸ்போக்ஸ் கம்பியில் பட்டி சுற்றினால் என்ன ஆகும் என்று சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் மாட்டியதைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் பிரேக்கில் பட்டால் அது சூட்டில் உருகவும் செய்யும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு எனக்கு அறவே பிடிக்காது, இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஒரு குலுக்கலில் கழன்று நேராகச் சக்கரத்துக்குள் போகும். இழுபடாத நாடாவும் பக்கிளும்தான் சரி.

கைக்கு எட்டவேண்டிய சாமானுக்கு ஹேண்டில் பை கிடையாது என்பது உண்மையான குறைதான். போன், பணம், மழைக்கோட்டு இதற்கெல்லாம் சீட்டின் ஓரத்தில் இடுப்புக்குப் பக்கமாக ஒரு சின்னப் பை கட்டிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடிப்பது சாய்ந்த நிலையில் கஷ்டம், சீட்டின் முதுகில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு அதிலிருந்து குழாயைத் தோள்வழியாக இழுத்துக்கொண்டால் ஓட்டிக்கொண்டே உறிஞ்சலாம். பின்னால் பெரிய பை வைத்தால் சிவப்பு விளக்கு மறைகிறதா என்று இருட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே தாழ்வான வண்டி, விளக்கும் மறைந்தால் லாரிக்காரருக்கு நாம் இருப்பதே தெரியாது. வேகப் பிரியர்கள் சீட்டுக்குப் பின்னால் வால்மாதிரி கூம்பிய பெட்டி வைத்துக் காற்றை ஏமாற்றுவார்கள். நம் முதுகின் மறைவிலேயே பை இருந்தால் காற்று குறைவாகத்தான் படும் என்பது சரிதான், ஆனால் சாமான் எடுக்க அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் எனக்கு அந்த வேகம் வேண்டாம் என்றே தோன்றுகிறது.

மைத்துனர் கேட்ட இன்னொரு கேள்வி, இந்தப் பைகளை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா என்பது. வேண்டாம். புல்லட்டுக்கு சைடு பை தைக்கிற, ஆட்டோவுக்கு ரெக்சின் போடுகிற கடைக்காரர் அளவு கொடுத்தால் இதையும் தைத்துவிடுவார். சக்கரத்தைப் பார்த்த பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், அது இருந்தால் பை உப்பாது. பாரம் தாங்கும் நாடாவைச் சும்மா ஒரு கோட்டில் தைக்காமல் சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி மாதிரி தைக்க வேண்டும். வாய்ப்பக்கத்துக்கு ஜிப் வேண்டாம், மூன்று நான்கு சுற்று சுருட்டி பக்கிள் போடுகிற மாதிரி நீளமாக விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. ஊசி போன ஓட்டை வழியாக எப்படியும் கொஞ்சம் கசியும், உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை போட்டுக்கொண்டால் போதும். கேரியரையும் வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்துகொள்ளலாம், ஆனால் வண்டி அலுமினியம் என்றால் பிரேமில் வெல்டிங் வைக்கவோ துளை போடவோ விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் அலுமினியம் பலம் இழக்கும், துளை போட்ட இடத்தில் விரிசல் விடும். ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம்.

டிரெய்லர் இழுக்கலாம் என்று கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது. நாயையோ குழந்தையையோ கூட்டிப்போகிறவர்கள் இழுக்கட்டும், ஒரு ஆளின் துணிக்கும் கூடாரத்துக்கும் அது அதிகம்.

விலை பற்றி எழுதியதில் எனக்குச் சண்டை இல்லை. வண்டி விலை சாதாரண சைக்கிளைப்போல் பல மடங்கு, இங்கே விற்கிற பைகளும் மலிவில்லை. பழைய வண்டியாகக் கிடைத்தால் வாங்கும்போதே கேரியரும் பையும் சேர்த்துத் தருவார்களா என்று கேட்கும்படி மைத்துனருக்குச் சொல்லியிருக்கிறேன், தனித்தனியாகத் தேடினால் அந்த வண்டிக்கான கேரியர் அமைவது சிரமம். பை மாட்ட இடமில்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உட்ரெக்ட், நெதர்லாந்து