கண் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் தாயாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, வலக்கண்ணுக்கு 6/18, இடக்கண்ணுக்கு 6/12 என்று சீட்டில் குறித்து, "புரை இருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எதை வைத்து யோசிப்பது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் அந்தச் சீட்டைப் பார்த்த உறவினர் ஒருவர், பதினெட்டில் ஆறு என்றால் பார்வையில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல, அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படிக் கணக்குப் போடுவது தவறு. நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வகுத்த முறைப்படி, மேலுள்ள எண் பரிசோதனை எழுத்து அட்டைக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரத்தையும், கீழுள்ள எண் நாம் படிக்க முடிந்த கடைசி வரியை இயல்பான பார்வை உடையவர் எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார் என்பதையும் குறிக்கின்றன. மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை அம்மாவின் வலக்கண் 6 மீட்டரிலிருந்து படிக்கிறது, அவ்வளவுதான். அதையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார்களா, போடாமல் பார்த்தார்களா என்று கேட்டாக வேண்டும். கண்ணுக்கு முன் பிடிக்கும் மறைப்பிலுள்ள சிறுதுளை வழியே பார்க்கும்போது கூடுதலாக ஓரிரு வரிகள் படிக்க முடிந்தால், குறையில் ஒரு பகுதியாவது கண்ணாடியால் தீரக்கூடும்.

எண் நன்றாக இருப்பதாலேயே கண் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்தை 6/12 வரை படிக்கும் அதே அம்மாவுக்கு, முறத்தில் அரிசியோடு கிடக்கும் வெள்ளைக் கல் தெரிவதில்லை. அந்தி நேரத்தில் எதிரே பேருந்து விளக்கு அடித்தால், கண்ணுக்குள் புரை படிந்த வில்லையில் ஒளி சிதறிக் கண் கூச, என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்திலேயே நின்றுவிடுகிறார். மருத்துவரிடம் நாங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். இன்னும் சிலருக்கு, வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க வருகிறது. கண் தெளிந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். புரை வளரும்போது கண் கிட்டப்பார்வைக்குத் திரும்புவதாலும் அப்படி நேரலாம்.

எங்கள் தெருவில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவர், 6/60 இருந்த கண்ணில் அறுவை செய்துகொண்டார். 6/24க்கு மேல் வரவில்லை. அறுவையில் குறையில்லை, விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. முன்கூட்டியே அதை அவருக்கு விளக்கியிருந்தால் அத்தனை மனம் நொந்திருக்க மாட்டார். விழித்திரையும் கண் அழுத்தமும் எப்படி இருக்கின்றன, புரையை எடுத்தால் எந்த அளவு பார்வை வரும் என்று அறுவைக்கு முன்பே கேட்பது நோயாளியின் உரிமை. புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருக்கும் பழைய வழக்கமும் இன்று தேவையில்லை. மிகவும் முற்றிக் கெட்டிப்பட்ட புரையை எடுப்பதுதான் கடினம்.

ஆகவே அரசு, தனியார் கண் மருத்துவமனைகளும் முகாம் நடத்துவோரும், சீட்டின் பின்புறத்தில் இந்த எண்களின் பொருளை எளிய தமிழில், முதியவர்கள் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டுகிறேன். அன்றாட வேலைகளில் எது தடைப்படுகிறது என்று நோயாளி சொல்வதைக் குறித்துக்கொள்ள, அந்த எண்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு வரி இடமும் விட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்