நித்தியகல்யாணி இலையை ஏன் அரைத்துத் தருவதில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஓர் அக்கா ஒரு பை நிறைய நித்தியகல்யாணி இலையோடு நம் கடைக்கு வந்தார். வீவக அடுக்குமாடித் தாழ்வாரத் தொட்டியில் வளர்ந்த செடி. "காயவைத்து அரைத்துத் தாங்க தம்பி, வீட்டுக்காரருக்குப் புற்றுநோய், இந்த இலை அதைத் தீர்க்கும்னு வாட்ஸ்அப்பில் வந்துச்சு" என்றார். முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்தான். பலரும் இதையே கேட்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் தொல்லையே இல்லை. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்கென்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. இதே செடியில் பின்னால் கிடைத்த வின்கிரிஸ்டினைக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றுகிறார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்ணிழைகளை இது உருவாக விடாது. பிரிய முடியாத செல் செத்துப்போகும்.

ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அளவோ ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. கொஞ்சம் கூடினால் கைகால் நரம்பு மரத்துப்போகும். அந்த இலையில் 70க்கும் மேற்பட்ட அல்கலாய்டுகள், அதாவது உடம்பில் வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்கள், இருக்கின்றன. அக்கா கொண்டுவந்த பையில் எது எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பது?

மஞ்சள் கதையும் இதுதான். மஞ்சளில் உள்ள கர்க்குமின் என்ற பொருளைக் கண்ணாடித் தட்டில் செல்லின் மேல் நேராக ஊற்றினால் செல் சாகிறது. வாய்வழியே சாப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அதற்காக மிளகுச் சத்து சேர்த்த மாத்திரைகள் வருகின்றன. அந்த மிளகுச் சத்து மற்ற மருந்துகளின் அளவையும் உடம்பில் கூட்டிவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம். ரசத்தில் போடும் மஞ்சளுக்குப் பயப்படாதீர்கள், அது சாப்பாடு.

புற்றுநோயைத் தீர்க்கும் என்று சொல்லி மூலிகை விற்கச் சிங்கப்பூரில் அனுமதி இல்லை. சுகாதார அறிவியல் ஆணையம் இதில் கறாராக இருக்கிறது. சரி, அனுமதி இருந்தாலும் நான் விற்க மாட்டேன். கீமோ எடுப்பவர்கள் எந்தச் சூரணம் வாங்குவதானாலும் முதலில் மருத்துவரிடம் பெயரைக் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். அதுவரை பொட்டலத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. புற்றுநோய்க்கென்று பலரும் தேடும் முள்சீத்தா இலையைக் கொஞ்ச நாள் நாங்களும் விற்றோம். எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்காமல் விற்றது எங்கள் தவறு. பிரிக்காத பொட்டலம் இருந்தால் கொண்டுவாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். ரசீது வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டு மருந்துக் கடைக்காரர்
தேக்கா